நூற்றுப் பதினெட்டாம் நிபந்தனை

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆறு வந்து சேர்ந்தது. பதினான்கு லாரிகளில் வந்தது. கூடவே டெலிவரி சலானும் வந்தது. சலானில் 'ஆறு, நடுத்தரம், எண்ணிக்கை ஒன்று' என்று எழுதியிருந்தது.

மங்கையர்க்கரசி எண்ணிப் பார்த்தாள். ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் அரசின் சோதனை மதிப்பீட்டு நிலையத்தில் முதுநிலைப் பொறியாளர். அரசு எதை வாங்கினாலும் அது முதலில் அவளுடைய கூடத்துக்கு வரும். அவள் சரி என்றால் மக்களிடம் போகும். இல்லை என்றால் வந்த வழியே திரும்பும். பத்தொன்பது வருடங்களில் மூன்று கலங்கரை விளக்கங்கள், ஒரு சிறிய மலை, இரண்டு மழைக்காலங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகியவற்றைச் சோதித்திருந்தாள். மழைக்காலங்களில் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். அவள் சரி என்று சொன்ன எதுவும் பிறகு பழுதானதில்லை. இதை அவள் பெருமையாக நினைத்ததில்லை. உயரம் ஐந்தடி இரண்டங்குலம் என்பதைப் போல அதுவும் அவளைப் பற்றிய ஒரு தகவல்.

ஆற்றை மூன்றாம் எண் கூடத்தில் விரித்தார்கள். கூடத்தின் நீளம் நாற்பது மீட்டர். ஆற்றின் நீளம் ஒன்பது கிலோமீட்டர். கூடம் சற்று யோசித்துவிட்டு நீண்டு கொடுத்தது.

"மறு கோடிக்குப் போக பஸ் விடணும் மேடம்," என்றார் அயூப். அவர் கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"சைக்கிள் போதும் பாய்."

ஆற்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு நிபந்தனைகள் இருந்தன. மங்கையர்க்கரசி ஒன்றாம் நிபந்தனையில் தொடங்கினாள். ஈரமாக இருக்க வேண்டும். இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போக வேண்டும். போனது. கல்லைப் போட்டால் வட்டம் வர வேண்டும். வட்டத்தைக் கருவியால் அளந்தாள். நன்றாகவே வந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் நூற்றுப் பதினேழு நிபந்தனைகள் முடிந்தன. ஆறு எல்லாவற்றிலும் தேறியது.

நூற்றுப் பதினெட்டாம் நிபந்தனை இது: யாரும் பார்க்காத நேரத்திலும் ஆறு ஓட வேண்டும்.

"இதை எப்படி மேடம் சோதிக்கிறது?" என்று சிரித்தார் சத்தியசீலன். அவர் ஆற்றைச் செய்த நிறுவனத்தின் பிரதிநிதி. எப்போது பேசினாலும் தலையாட்டிக்கொண்டே பேசுவார். இல்லை என்று சொல்லும்போதும் ஆமாம் என்றே ஆட்டுவார். "வழக்கமா இதுக்கு டிக் போட்டுடுவாங்க."

"நான் போடறதில்ல."

அவள் ஒரு காகிதக் கோப்பையை நான்காம் குறியருகே தண்ணீரில் விட்டாள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தாள். கோப்பை நான்காம் குறியருகே இருந்தது. கதவு திறந்ததும் அவசரமாக நகர ஆரம்பித்தது.

"கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கும்," என்றார் சத்தியசீலன், தலையாட்டியபடி.

ரகசியமாகக் கேமரா வைத்துப் பார்த்தாள். ஆறு ஓடியது. கேமராவும் பார்க்கத்தானே செய்கிறது. அயூபின் கண்ணைக் கட்டி உட்கார வைத்தாள். முதலில் ஆறு ஓடும் சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. அயூப் துணிக்கடியில் லேசாகக் கண்ணைத் திறந்தார். ஓடியது. அவர் அதை நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

விதி தெளிவாக இருந்தது. குறையைப் பொறியாளர் நேரில் பார்த்தால்தான் குறை என்று எழுதலாம். பார்த்தால் குறை இருக்காது.

புதன்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டார். இயக்குநர் பதவி உயர்வுக்குப் பிறகு தன் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தார். அவள் அதை நான்கு விரல் அளவுக்குத் திறந்தாள். அதற்கு மேல் திறக்க மேலிட அனுமதி வேண்டும்.

"வெள்ளிக்கிழமை சர்டிஃபிகேட் போகணும்மா."

"போகும் சார்."

"சரின்னுதானே போகும்?"

"உண்மை எதுவோ அப்படிப் போகும்."

உள்ளே காகிதங்கள் புரளும் ஓசை கேட்டது. "ஒரே ஒரு நிபந்தனைம்மா. யாரும் பாக்காதப்ப எல்லாருமேதான் கொஞ்சம் நிக்கிறோம். மூடிடு, வெளிச்சம் கண்ணு கூசுது."

அவள் மூடினாள்.

கூடத்தின் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். அஞ்சலாட்சி என்று பெயர். செம்பாறைப்பட்டு ஊராட்சித் தலைவர். இந்த ஆறு அந்த ஊருக்காக வாங்கப்பட்டது.

"பாலம் முதல்ல வந்துடுச்சு மேடம்," என்றாள் அஞ்சலாட்சி. "பதினோரு வருஷம் ஆச்சு. நாங்களும் தினம் அதுல ஏறி எறங்குறோம். கீழ ஒண்ணும் இல்ல. பொண்ணு பாக்க வர்றவங்க பாலத்து மேல நின்னு எட்டிப் பாக்குறாங்க. அப்புறம் எங்களைப் பாக்குறாங்க. என்னா சொல்றது நாங்க?"

"ஆறு தேறாம போனா?"

"அடுத்தது வர இன்னும் பதினாலு வருஷம்னாங்க." அவள் கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். ஆறு சட்டென்று அழகாக ஓடியது. "நல்லாத்தானே ஓடுது?"

மங்கையர்க்கரசிக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொல்ல அவளிடம் இன்னும் ஆதாரம் இல்லை. அன்று மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு வழி தோன்றியது. வழி எப்போதும் அவளுக்குச் சாப்பிடும்போதுதான் தோன்றும். டப்பாவை மூடிவிட்டு நிர்வாகப் பிரிவுக்குக் கிளம்பினாள்.

நிர்வாகப் பிரிவுக்குப் போகும் வராண்டா விண்ணப்பத்தின் நீளத்துக்கு ஏற்ப நீளும். அவள் ஒரே வரியில் எழுதியிருந்தாள். பத்து அடியில் போய்ச் சேர்ந்தாள்.

எழுத்தர் விண்ணப்பத்தைப் படித்தார். "ஒரு மணி நேரம் இல்லாமல் இருக்க அனுமதி. விடுப்பா?"

"விடுப்புன்னா நான் வேற எங்கயாவது இருப்பேன். எனக்கு எங்கயுமே இருக்கக் கூடாது."

"காரணம்?"

"ஒரு ஆறு என்னைப் பார்த்து ஓடுது."

எழுத்தர் இதை வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லாம இருக்கிற நேரத்துல ஏதாவது ஆனா நிலையம் பொறுப்பில்ல. திரும்பி வந்ததும் வந்தேன்னு கையெழுத்துப் போடணும். போடலைன்னா வரலைன்னு அர்த்தம்." அவர் இரண்டு முத்திரைகள் குத்தினார். "மூணுலேருந்து நாலு. வாட்சைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க. அது இருக்கும்."

மூன்று மணிக்கு மங்கையர்க்கரசி இல்லாமல் போனாள். வலிக்கவில்லை. கனமான பையைக் கீழே வைத்தது போலிருந்தது. தன் பெயர் பலகையில் இருந்து அழிவதை அவள் பார்த்தாள், அல்லது யாரோ பார்த்தார்கள். அவள் பயப்படவில்லை. சோதனை முறை சரியாக இருந்தது.

மூடிய கதவு வழியாகக் கூடத்துக்குள் போனாள்.

ஆறு நின்றுகொண்டிருந்தது.

குளம்போல அல்ல. நடந்து களைத்தவர் மரத்தடியில் நிற்பது போல நின்றது. அலைகள் பாதியில் அப்படியே இருந்தன. மீன்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. நான்காம் குறியருகே காகிதக் கோப்பை அசையவில்லை. அவள் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டாள். பேனாவும் நோட்டும் இருப்பவை என்பதால் எடுத்து வரவில்லை.

"யாரது?" என்றது ஆறு.

"யாரும் இல்ல."

"அப்ப சரி." ஆறு பெருமூச்சு விட்டது. ஒன்பது கிலோமீட்டருக்கு அது போய் வந்தது. "கால் வலிக்குது."

"ஏன் நிக்கிற?"

"யாரும் பாக்கலைன்னா எதுக்கு ஓடணும்? நான் ஓடினேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. தொழிற்சாலைல என்னைச் செஞ்சு முடிச்சதும் விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. எட்டு மாசம். அப்ப பழகினது."

அவள் கரையில் உட்கார்ந்தாள். இல்லாதவர்கள் உட்கார்ந்தால் தரை குளிராது என்று தெரிந்துகொண்டாள்.

"நான் தேறலைன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டது ஆறு.

"திருப்பி அனுப்புவாங்க. உடைச்சுக் குட்டைகளா வித்துடுவாங்க."

"குட்டைக்கு ஓட வேண்டியதில்ல," என்றது ஆறு. ஆனால் அதன் குரலில் மகிழ்ச்சி இல்லை.

நான்கு மணிக்கு அவள் திரும்பினாள். வந்தேன் என்று கையெழுத்துப் போட்டாள். இரண்டு முறை போட்டாள், உறுதிக்காக. வாட்சைக் கட்டிக்கொண்டு நேராகப் போய் அறிக்கையில் எழுதினாள்: 118, நிறைவேறவில்லை.

வியாழக்கிழமை மீதி நிபந்தனைகளையும் சோதித்தாள்; ஆறு எல்லாவற்றிலும் தேறியது. வெள்ளிக்கிழமை கூட்டம் மூன்றாம் கூடத்திலேயே நடந்தது. இயக்குநரின் மேசையை நான்கு பேர் தூக்கி வந்து கரையில் வைத்தார்கள். சத்தியசீலன் மூன்று வழக்கறிஞர்களோடு வந்தார். மூவருக்கும் ஒரே குடை. அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை இறுகப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

"பதிவேட்டின்படி அந்த நேரத்துல நீங்க இல்லவே இல்ல," என்றார் சத்தியசீலன். "இல்லாதவங்க எப்படி மேடம் பார்க்க முடியும்?"

"உங்க வாதம் சரி," என்றாள் மங்கையர்க்கரசி. "அதை நான் ஆதாரமா வைக்கல."

அவள் ஆற்றின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாட்களில் யாரும் ஆற்றையே கேட்டிருக்கவில்லை.

"நீயே சொல்லு. யாரும் பாக்காதப்ப நிக்கிறியா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல அதற்கு எல்லா வசதியும் இருந்தது.

"நிக்கிறேன்," என்றது ஆறு.

சத்தியசீலனின் தலை ஆடுவது நின்றது. வழக்கறிஞர்கள் குடையை மடக்கினார்கள். அஞ்சலாட்சி கரையில் அப்படியே குந்திவிட்டாள்.

"கோளாறுன்னா என்னா கோளாறு மேடம்?" என்று கேட்டாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும். கண்ணை எடுத்தா நின்னுடும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. மத்த எல்லாத்துலயும் தேறிடுச்சு."

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "அவ்ளோதானா? எங்க ஊருல எழுநூறு பேர் இருக்கோம் மேடம். பதினோரு வருஷமா ஒண்ணும் இல்லாத பள்ளத்தையே எட்டி எட்டிப் பாத்தோம். ஆத்தைப் பாக்க மாட்டோமா? நீங்க குடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

இழுப்பறை தானாக ஒரு விரலளவு திறந்தது. "குறையோட குடுக்க விதி இல்லம்மா."

"இருக்கு சார். கையேட்டுல முந்நூற்று ஆறாம் பக்கம். குறையை முழுசாச் சொல்லி, வாங்கறவங்க தெரிஞ்சே ஏத்துக்கிட்டா குடுக்கலாம்."

"அப்படி ஒரு பக்கம் இருக்கா?"

"நான்தான் சார் எழுதினேன்."

இழுப்பறை மூடிக்கொண்டது. அது சம்மதம் என்று குறிப்பேட்டில் பதிவானது. சான்றிதழில் குறை முதல் வரியாகவே இருந்தது. அஞ்சலாட்சி அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

லாரி வேண்டாம் என்றார்கள் ஊர்க்காரர்கள். லாரிக்குள் யார் பார்ப்பது? நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆற்றுக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஆறு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் இறங்கியது. சிக்னலில் நின்றது. பச்சை விழுந்ததும் போனது. அயூப் தொப்பியைக் கழற்றி அசைத்தார்.

மூன்று மாதம் கழித்துத் தொடர் மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. மங்கையர்க்கரசி பேருந்தில் செம்பாறைப்பட்டுக்குப் போனாள். முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை.

பாலத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தூணில் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது. காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை பூங்காவனம், ஆறு மணி முதல் ஏழு மணி வரை டெய்லர் மாசிலாமணி, இப்படி இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் பெயர் இருந்தது. மணி பகல் இரண்டு அடித்து மூன்று நிமிடம். நாற்காலி காலியாக இருந்தது.

ஆற்றின் பக்கம் பார்க்கக் கூடாது என்று அவளுடைய பத்தொன்பது வருட அனுபவம் உடனே சொன்னது. சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். எதிரே வயல் இருந்தது. வயலில் யாரும் இல்லை. வேறெங்கும் யாரும் இல்லை. இவ்வளவு சுத்தமான சோதனை அவளுக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

"ஓடறியா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கேன்," என்றது பின்னாலிருந்து குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"யாரும் பாக்கலையே."

"வந்துடுவாங்க. ரெண்டு மணிக்குக் கோவிந்தம்மா. அவங்க எப்பவும் கொஞ்சம் லேட்டு."

மங்கையர்க்கரசி நோட்டை எடுத்தாள். நேரில் பார்க்காமல் அவள் எதையும் எழுதியதில்லை. பேனா மூடியைக் கழற்றினாள். வயலைப் பார்த்தபடியே, 118, நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வரப்பு வழியாக ஒரு பெண் ஓடி வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. கையெல்லாம் மாவு. பாலத்தில் ஏறி நாற்காலியில் விழுந்தாள்.

"தப்பா நெனைக்காத," என்றாள் மூச்சிரைக்க. "மாவு மிஷின்ல கூட்டம்."

"பரவால்லைங்க," என்று சொல்ல மங்கையர்க்கரசி வாயெடுத்தாள். அந்தப் பெண் அவளைக் கவனிக்கவே இல்லை; அவள் கண் ஆற்றின் மேல் இருந்தது. அவள் சொன்னது வேறு ஒருவரிடம்.