பை பத்திரம்

"பைய எடுக்கக் கூடாது டாக்டர், சொல்லிட்டேன்!" ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்டிரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமியார் வழிமறித்தாள்.

ஸ்டிரெச்சரில் படுத்திருந்த மருமகள் தையல்காரி. முதல் இரண்டு பெண் குழந்தைகளும் ஆபரேஷனில் பிறந்தவர்கள். இந்த முறை நஞ்சுக்கொடி பழைய ஆபரேஷன் தழும்புக்குள் வேர்விட்டிருந்தது. பிரித்தெடுத்தால் ரத்தம் கொட்டும்.

"கர்ப்பப்பையோட சேர்த்து எடுக்கறதுதான் உயிருக்கு நல்லதும்மா," என்றார் டாக்டரம்மா.

"எடுத்துடுங்க," என்றாள் தையல்காரி.

"நீ சும்மா கெட," என்று அதட்டினான் கணவன். "இதுவும் பொட்டையாப் போச்சுன்னா? வேற வழியே இல்லியா டாக்டர்?"

இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, நுனியிலுள்ள பலூனை ஊதி ரத்தத்தைத் தடுத்து வைப்பது. காலுக்குப் போகும் ரத்தமும் நிற்கும். உறைந்து அடைத்துக்கொண்டால் காலே போகலாம். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"அதையே பண்ணுங்க," என்றான்.

பிறந்தது ஆண். பையும் தப்பியது. மாமியார் வார்டு முழுக்க இனிப்பு கொடுத்தாள்.

"அத்தே, வலது கால் ஜில்லுனு இருக்கு. வலி உயிர் போவுது. நர்ஸக் கூப்பிடுங்களேன்."

"ஆம்பளப் புள்ளயப் பெத்ததும் ராணியாயிட்டியோ? எல்லாம் ஊசி மயக்கம். பேசாம படு." பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

நர்ஸ் தானாக வந்து போர்வையை விலக்கியபோது பாதம் நீலம் பாரித்திருந்தது. குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை அவசரமாக எடுத்தார்கள். அதற்குள் சதை செத்துவிட்டிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"எடுத்துடுங்க," என்றான் கணவன், மூச்சு விடும் நேரம்கூட யோசிக்காமல்.

கண் விழித்தவள், ஒரு பக்கம் தட்டையாய்க் கிடந்த போர்வையைப் பார்த்தாள். தையல் மெஷினை மிதித்து அந்த வீட்டுக்கே சோறு போட்ட கால்.

"கால் போனா என்னடி, பை பத்திரமா இருக்கு," என்றாள் மாமியார். "ஒத்தப் புள்ளய நம்பி இருக்க முடியுமா? அடுத்த வருஷமே இவனுக்கு ஒரு தம்பி வந்துடணும்."

கணவன் தலையாட்டினான்.

அவள் அழவில்லை. வார்டைச் சுற்றி வந்த டாக்டரம்மாவை நிறுத்தினாள்.

"டாக்டர், இனிமே எனக்குப் புள்ள பொறக்காம பண்ணிடுங்க."

"ஏய்! யாரக் கேட்டுடி?" என்று மாமியார் பாய்ந்தாள்.

டாக்டரம்மா பழக்கதோஷத்தில் கணவன் பக்கம் திரும்பினார்.

"அங்க என்ன பாக்குறீங்க? வயிறு என்னோடது. என்னப் பாத்துக் கேளுங்க."

டாக்டரம்மாவின் முகம் கன்றியது. ஒரு நாற்காலியை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் மற்றவர்களிடம்.