வெள்ளிக்கிழமை உப்பு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. வீடு மாற்ற வந்த குட்டி யானை லோடு வண்டியின் டிரைவர் நஜீர் தண்ணீர் டிரம்மைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, "இன்னா சார், வெறும் தண்ணியப் போயி ஏத்துறீங்க? அங்க கொயாய்ல வராதா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் ஹேமநாதனிடம் அவருடைய மீன் தொட்டியைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், போன கரண்ட் வந்த மாதிரி முகம் பளிச்சென்று ஆகிவிடும். "வெறும் தண்ணி இல்லண்ணே, கடல் தண்ணி. ஒவ்வொரு டிரம்முலயும் ஒரு படி உப்பு இருக்கும், தெரியுமா?" என்றார் பெருமையாக. வாசலில் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனரம்மா வேம்புலியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சொன்ன தம்பி? உப்பா?"

"ஆமாம்மா. கடல்ல எவ்வளவு உப்பு இருக்கோ..."

"இன்னிக்கு வெள்ளிக்கெயம. என் ஊட்லேர்ந்து படி படியா உப்பு வெளிய போவுதா? அதெல்லாம் நடக்காது. எறக்கு நைனா."

மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியாது. எங்கள் திண்டுக்கல் பக்கமும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி ஒரு கை உப்பு கேட்டால் அம்மா ஆயிரம் சாக்குச் சொல்வாள். உப்போடு லட்சுமியும் படியிறங்கிவிடுவாளாம். போதாததற்கு வெள்ளிக்கிழமையே போகலாம் என்று நாள் பார்த்தவளும் நான்தான். அயனம்பாக்கம் ஃபிளாட்டில் புதன்கிழமை பால் காய்ச்சியாயிற்று, சனிக்கிழமை குடி போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை லிஃப்டைப் பழுது பார்க்கிறார்கள். கட்டில், பீரோ எல்லாம் முதல் நடையிலேயே போய்விட்டன. கள்ளிக்குப்பம் வீட்டில் மிச்சம் இருந்தது தொட்டியும் அதன் குடும்பமும்தான்.

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன்கள், புருஷனும் பெண்டாட்டியும். அவற்றோடு அவை குடியிருக்கும் கடல் சாமந்தி. பூ மாதிரி இருந்தாலும் அதுவும் ஒரு பிராணிதான். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்ததை மூன்று வருஷம் கண்ணில் வைத்து வளர்த்துத் தாம்பாளம் அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார் இவர். என் பிறந்த நாள் மறந்து போகும், அதற்கு இறால் துண்டு கொடுக்கும் நாள் மறக்காது. ஞாயிற்றுக்கிழமையானால் இடுக்கியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் தொற்றி ஏறும் பொடிப்பொடி நட்சத்திர மீன்களைப் பிடுங்கிப் போடுவார். வயலில் களை எடுப்பதுபோல ஒரு வேலை அது. இப்போது வாளியில் காற்றுக்கென்று வைத்திருந்த பேட்டரி மோட்டார் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் தண்ணீர் சுடும், தண்ணீர் சுட்டால் சாமந்தி சாகும், அது செத்தால் அந்தத் தண்ணீரே விஷமாகி மீன்களும் போய்விடும். இதை அவர் நேற்றிலிருந்து எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே கிடையாது.

"மீன எடுத்துக்கினு போ தம்பி, யார் வாணான்னா? தண்ணிய இங்கயே கொட்டிரு" என்றார் வேம்புலியம்மாள்.

"எங்கம்மா கொட்டுறது? மண்ணுல ஊத்தினா உங்க கருவேப்பில மரம் பட்டுப்போயிடுமே."

அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். அந்த மரத்தில் ஒரு கொத்து ஒடிக்க நாங்கள் மூன்று வருஷமாக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம். "ஐயையோ, அங்க ஊத்தாத!" என்று பதறினார். ஆக, தண்ணீர் வெளியேயும் போகக் கூடாது, உள்ளேயும் இருக்கக் கூடாது. நஜீர் வண்டியில் சாய்ந்துகொண்டு, "யம்மா, ஒண்ணு ஏத்தச் சொல்லு, இல்ல எறக்கச் சொல்லு. எனக்கு சென்னீர்குப்பத்துல இன்னொரு ஊடு காலி பண்ற வேல கீது" என்றார்.

நான் ஒரு யோசனை செய்தேன். தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்க் கல்லுப்பு பாக்கெட் வாங்கி வந்து வேம்புலியம்மாள் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் லட்சுமியே உள்ளே வந்த மாதிரி, கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கட உப்பு பொண்ணு. அது மூணு வருசம் என் ஊட்ல வாய்ந்த உப்பு. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதிதாகத் தண்ணீர் கலந்தால் என்ன என்று நான் கேட்டபோது, "அது புதுத் தண்ணி, இது மூணு வருஷம் பழகின தண்ணி" என்று இவர் எனக்கு எடுத்த பாடமும் இதேதான். ஹேமநாதன் மட்டும் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து வாளி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேம்புலியம்மாளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாடியில் எங்கள் போர்ஷனுக்கு ஏறி வந்து மீன்களுக்குத் தீனி போட்டவர் அவர்தான். முதலில் பெண்டாட்டிக்கு, அப்புறம்தான் புருஷனுக்கு என்று ஒரு சட்டமே வைத்திருந்தார். சாமந்தி சுருங்கி, மூடின கை மாதிரி அடியில் கிடந்தது. பெண் மீன் அதன் மேல் மோதி மோதி இடம் தேடிக்கொண்டிருந்தது.

"பாவம், ஊட்டத் தேடுது பாரு" என்றார் வேம்புலியம்மாள். வாளி மூடியை அவரே எடுத்து மூடினார். பிறகு, "உப்பு தானா போவக் கூடாது. நானே எடுத்துக்கினு போயி நானே திருப்பி எடுத்துக்கினு வந்தா? அது குடுத்ததாவாதுல்ல?" என்றார்.

"எல்லாத்தையுமா திருப்பி?" என்று இவர் திறந்த வாயை நான் ஒரு பார்வையில் மூடினேன்.

"ஒரு பாட்டில் போதும் தம்பி." உள்ளே போய்க் கழுவின ஊறுகாய் பாட்டில் ஒன்றோடு வந்து, கதவைப் பூட்டிவிட்டு, வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வாளியை வாங்கிக் கால்களுக்கு நடுவில் அணைத்து வைத்துக்கொண்டார்.

அம்பத்தூர் எஸ்டேட் வழியாக நாங்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர் வரும்போதும் ஜன்னல் வழியாக வேம்புலியம்மாளின் கண்ணாடி வளையல் கை வெளியே வந்து மெல்ல, மெல்ல என்று ஆடியது. நஜீர் பிள்ளைத்தாச்சியை ஏற்றின மாதிரி ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹாரன் யார் காதிலும் ஏறவில்லை.

புது வீட்டில் பாறைகளை அடுக்கி, தண்ணீரை ஊற்றி, மோட்டாரைப் போட்டு, மீன்களையும் விட்டாயிற்று. சாமந்தி மட்டும் மணலில் சாய்ந்து கிடந்தது. நஜீர் போய்விட்டார். பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஹேமநாதன் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மீன்கள் மேல் எனக்குப் பெரிய பாசம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பூ மலர்ந்தால் போதும் சாமி என்று மனசார வேண்டிக்கொண்டேன். புது வீட்டில் முதல் நாளே இந்த மனுஷன் முகம் வாடக் கூடாது.

வேம்புலியம்மாள் பெட்டியில் துழாவி டம்ளர்களைக் கண்டுபிடித்து டீ போட்டுக் கொடுத்தார். மத்தியானம் போயிற்று. ஏரிப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்த நேரத்தில், "தோ, தோ!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சாமந்தி ஒரு விரலை நீட்டியது. இன்னொன்றை நீட்டியது. பாதி விரிந்ததுமே பெண் மீன் பாய்ந்து உள்ளே போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. ஆண் மீன் மட்டும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

"பொண்டாட்டி போயிட்டா, இவன் இன்னும் முய்ச்சிக்கினு நிக்கிறான் பாரு. உன்ன மாதிரியே" என்று இவர் முதுகில் ஒன்று வைத்தார். ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

விளக்கு வைப்பதற்குள் உப்பு வீடு சேர வேண்டுமாம். தொட்டியில் பாட்டிலை முக்கி நிரப்பி, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வேம்புலியம்மாள் ஆட்டோவில் போனார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் பாதி அவர் நெற்றி, பாதி சாமி அலமாரி.

"தம்பி, போன லச்சுமி தனியா வர்ல! கூட ஒரு ஆளையும் இட்டுகினு வந்துகீறா. பாரு, நட்சத்திரம்!"

ஹேமநாதன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த பாட்டிலுக்குக் காற்று விட இன்னொரு சின்ன மோட்டார் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். திரையில் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதன் கண்ணாடியில், வெளிச்சம் விழுந்த பக்கமாக, நகக்கண் அளவே இருந்த ஒரு நட்சத்திரம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.