நடுவில் சுவர் இல்லாத வீடு

மேஸ்திரி சாக்கட்டியால் தரையில் கோடு இழுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அடுப்பு மேடை கோட்டுக்கு அந்தப் பக்கம், கூடம் இந்தப் பக்கம்.

"இதுமேல சுவர் எழுப்பிட்டா, அங்க இடி விழுந்தாலும் இங்க கேக்காது," என்றார் பெருமையாக.

டிரைவர் அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். பஸ் ஓட்டுவதை விட்டுப் பல வருஷமாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். அவருடைய மனைவி தெருவுக்கெல்லாம் டெய்லரம்மா. அவள் இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

குடிவந்த புதிதில் இதே இடத்தில் ஒரு சுவர் இருந்தது. அவருக்கு மாலை ஷிப்டு, அதனால் பகல் சமையல் அவர் பொறுப்பு. அவள் கூடத்து ஜன்னலடியில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள். அவர் உள்ளேயிருந்து ஒன்று கேட்பார், அவள் "என்னது?" என்பாள். அவர் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து மறுபடி சொல்வார். அதற்குள் அடுப்பில் ஏதாவது அடிபிடித்திருக்கும்.

"சுவரோட குடும்பம் நடத்தவா உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்றாள் ஒருநாள். அந்த வாரமே சுவர் விழுந்தது.

அதுவரை இருட்டுக் குகையாக இருந்த அடுப்படிக்குள் ஜன்னல் வெளிச்சம் வந்து விழுந்தது. தவழ்கிற பிள்ளையை அவள் மிஷினை மிதித்தபடியே பார்த்துக்கொண்டாள், அவர் கிண்டியபடியே பார்த்துக்கொண்டார். பேச்சு ஓயவே இல்லை. சில்லறைக்குச் சண்டை போட்ட பயணி, அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிற பெண்கள், இவர்கள் கதைகளெல்லாம் தாளிக்கிற சத்தத்துக்கும் மிஷின் சத்தத்துக்கும் நடுவில் போய்வந்தன.

வினை வாடிக்கையாளர் வடிவில் வந்தது. தைத்துக் கொடுத்த ரவிக்கையைத் திரும்ப எடுத்துவந்த ஒருத்தி, அதை முகர்ந்து காட்டினாள். "ஏன் டெய்லரம்மா, துணியத் தைக்கக் குடுத்தேனா, வெங்காயத்தோட வதக்கக் குடுத்தேனா?"

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். மிஷினில் கல்யாணத் துணி ஏறினால் அடுப்பில் எண்ணெய் ஏறாது. தாளிப்பு, வறுவல், பொரியல் எல்லாம் நின்றுபோய், வேகவைத்தது மட்டும்தான் தட்டுக்கு வரும். மகன் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து அலுப்போடு கேட்பான்: "இப்ப யாருக்கும்மா கல்யாணம்?"

கோபித்துக்கொண்டு உட்காரக்கூட அந்த வீட்டில் ஒரு மறைவு இல்லை. சண்டை வந்தால் அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவர் பாத்திரங்களை உருட்டுவார். ஒருவர் முதுகை ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள்.

இப்போது அந்த ஜன்னலடியில் மருமகள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை செய்கிறாள். போன வாரம் அவள் மீட்டிங்கில் இருந்தபோது, அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னார்: "ஏய், கத்திரிக்கோல வச்சிட்டு எந்திரி. சாப்பிட்டுட்டு உக்காரு, கண்ணு போயிடப்போகுது."

திரையில் மேனேஜர் பேச்சை நிறுத்தினார். யாரோ சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் மகன் சுவர்ப் பேச்சை எடுத்தான். மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு வெக்கமா இருக்குன்னு இல்ல மாமா. முன்னபின்ன தெரியாதவங்க உங்களப் பாத்துச் சிரிக்கிறாங்களே, அதுதான் தாங்கல."

அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நிற்கும்வரை, பின்னால் டெய்லரம்மா மிஷினில் இருந்தாள். அவ்வளவு நேரம் மட்டும் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் வந்துவிட்டால், திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும், அங்கே யாருமில்லை என்று.

"என்ன டிரைவரே, செங்கல் இறக்கச் சொல்லட்டுமா?" என்றார் மேஸ்திரி.

"ஒரு நிமிஷம்." அவர் கூடத்தில் நின்ற மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு வேண்டியது சுவரா, கதவா?"

அவள் யோசித்தாள். "கதவ சாத்திக்கிட்டா போதும் மாமா."

"கதவுதான் இருக்கே." தன் படுக்கையறையைக் கை காட்டினார்.

"ஐயோ, அது உங்க ரூமு. அத்தையும் நீங்களும் இருந்த ரூமு."

"உங்க அத்தை தலையச் சாய்ச்சா தூங்கிடுவா. அந்த ரூம்ல நாங்க பேசினதெல்லாம் 'ஃபேனப் போடு, ஃபேன நிறுத்து', அவ்வளவுதான். மத்தப் பேச்சு பூரா இங்கதாம்மா." அவர் அடுப்பு மேடையைத் தட்டிக் காட்டினார். "இங்க நான் பேசிக்கிட்டு இருக்கணும். அதுக்குச் சுவர் வேணாம்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்க எங்க படுப்பீங்க?" என்றாள்.

"டெப்போல, ஓடாத பஸ்ஸோட பின்சீட்ல தூங்கின ஆளு நான். கூடம் எனக்கு அரண்மனை."

"நல்லாருக்கு! வேலைன்னு வரச்சொல்லிட்டு என்னை வெறுங்கையோட அனுப்புறீங்க," என்றார் மேஸ்திரி.

"வெறுங்கை எதுக்கு? கட்டிலோட அந்த முனையப் பிடிங்க."

கட்டில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. நேராகப் பிடித்தார்கள், சாய்த்துப் பிடித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொன்னார்கள். கடைசியில் கால்களைக் கழற்றித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. மருமகள் தன் மேஜையை உள்ளே இழுத்துப் போட்டாள். காலியான ஜன்னலடியில் கட்டில் வந்து நின்றது.

மாலையில் வேலை முடிந்து வந்த மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் திகைத்து நின்றான்.

"என்னப்பா இது, நடுக்கூடத்துல கட்டிலப் போட்டுப் படுத்திருக்கீங்க! சுவர் எங்க?"

டிரைவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"கத்தாதடா. உள்ள மீட்டிங் நடக்குது."