பொங்கலுக்கு எரித்த பற்றை

கனடாவில், விட்பியில் இருக்கும் என் மகள் கஜனியின் பின்வளவில் நின்ற ஒரு பற்றையைத் தைப்பொங்கல் அன்று காலை வெட்டி அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். காய்ந்துபோன புதர் என்று நினைத்தேன். இறந்து பிறந்த தன் பிள்ளைக்காக அவள் நட்டு வைத்த பற்றை அது. அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. என் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். என் பக்கத்தில் நியாயம் ஏதும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

என் பெயர் தியாகலிங்கம். ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். அஜின்கோர்ட்டில் மனைவி குணவதியோடு இருக்கிறேன். பொங்கல் என்றால் விறகில்தான் பொங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கராஜுக்குள் காஸ் அடுப்பில் பொங்குகிறவர்களை நான் பகிடி பண்ணாத வருடம் இல்லை. இந்த முறை பொங்கல் விட்பியில் என்றானதும் மருமகன் கீதனிடம் விறகு வாங்கி வைக்கச் சொன்னேன். அவன் கடையில் பையில் கட்டி விற்கும் விறகை வாங்கி, பையின் வாயைத் திறந்தபடி வெளியில் போட்டிருந்தான். இரவு பெய்த பனி உள்ளே போய் எல்லாம் உறைந்து கிடந்தது. மைனஸ் பன்னிரண்டு. பனியை வழித்து, கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பானையையும் ஏற்றியாயிற்று. விறகு பற்றவில்லை. சுள்ளி தேவைப்பட்டது.

வேலியோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஏழெட்டுத் தடிகளோடு அந்தப் பற்றை நின்றது. நாலைந்து இலைகள் சருகாகத் தொங்கின. மாரிக் குளிரில் இந்த நாட்டு மரங்கள் செத்தவை போலத்தான் நிற்கும் என்பது முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிற எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இலையை முழுதாக உதிர்த்த மரம் உறங்குகிறது, சருகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மரம் செத்துப்போய்விட்டது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டு ஒன்றைச் செய்வது என் பரம்பரையிலேயே கிடையாது. கராஜில் இருந்த மரம் அறுக்கும் வாளை எடுத்து அடியோடு அறுத்தேன்.

பச்சை விறகு சீறும், புகையும். அந்தத் தடிகளும் சீறின, புகைந்தன. யாழ்ப்பாணத்தில் விறகடுப்புச் சோறு தின்று வளர்ந்தவனுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கற்பூரத்தை அள்ளிப் போட்டேன், மேலே நெய்யை ஊற்றினேன், பற்றிக்கொண்டது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நல்ல சகுனம் என்று பெரிய குரலில் சொன்னதும் நான்தான்.

பானையில் போட அரிசியோடு வெளியே வந்த கஜனி அடுப்பைப் பார்த்தாள். பிறகு வேலியோரத்தைப் பார்த்தாள். அரிசியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கத்தவில்லை, அழவும் இல்லை. நாங்கள் படைத்து, உண்டு, காரில் ஏறும்வரை அவளுடைய அறைக் கதவு திறக்கவில்லை.

காரடியில் வைத்துக் கீதன் சொன்னான். “மாமா, அது பிள்ளைக்கு வைச்சது.”

என்ன மரம் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. நட்டு இரண்டு வருடம், இதுவரை அது ஒன்றும் காட்டவில்லையாம். பெப்ரவரியில் பிள்ளையின் நாள் வரும்போது பார்க்க ஏதாவது இருக்கிற மரம் வேண்டும் என்று எங்கேயோ தேடி வாங்கினாளாம். என்ன என்று கேட்டால், காட்டும்போது பார் என்று சொல்லிவிட்டாளாம். இப்போது போய் அவளிடம் அதைக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னான். எரிக்காமல் மிஞ்சிக் கிடந்த ஒரேயொரு தடியை நான் எடுத்துக் காரில் வைத்தேன்.

அந்தப் பிள்ளை மூன்று வருடத்துக்கு முன் பெப்ரவரி பத்தொன்பதில் பிறந்தது. பெண் பிள்ளை. நாள் நிறைந்து, வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மூச்சில்லாமல் பிறந்தது. எங்கள் ஆட்களில் அப்படிப் போன பிள்ளைக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. வெளியில் சொல்வதில்லை, வீட்டிலும் கதைப்பதில்லை. கதைத்தால் அடுத்தது தங்காது என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஜனி என்னவோ சொல்ல வாயெடுத்தபோது, “அதைக் கதையாதை பிள்ளை, மறந்திடு” என்று மறித்தவன் நான். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதன் பிறகு அவள் எங்களிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எரித்த மரத்தையே திரும்ப வாங்கி நட்டுவிட்டால் மகள் பேசுவாள் என்பது என் கணக்கு. ஆனால் என்ன மரம்? தடியில் மிளகளவு மண்ணிற மொட்டுகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, வளைந்த சின்னக் காம்பில் இருந்தன. தொட்டால் பூனைக்குட்டியின் காது போல மெத்தென்றிருந்தது. குணவதி தன் போனில் படம் பிடித்துத் தேடினாள். போன் முதலில் ஒரு பெயர் சொன்னது, திருப்பிப் பிடித்தால் வேறொன்று சொன்னது, மூன்றாம் முறை “மரக்கிளை” என்றது. அதை நானே சொல்லியிருப்பேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று குணவதி முணுமுணுத்தாள். நாற்று விற்கிற இடங்களெல்லாம் சித்திரை வரைக்கும் பூட்டு. மாரியில் பார்க்கிற மரம் என்றால் மாரியிலேயே போய்ப் பார்ப்பதுதான் வழி என்று, தடியையும் எடுத்துக்கொண்டு பொதுத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

முதலில் போனது அலன் கார்டன்ஸ். கண்ணாடிக் கூட்டுக்குள் வாழையும் பனை வகைகளும் வெயிலில் நிற்பது போல நின்றன. ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. மாரி மரம் தேடி வெக்கைக்குள் போன முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த கிழமை ஸ்காபரோவில் ஏரிக்கரை மேட்டில் இருக்கும் ரொசெற்றா மக்ளேன் தோட்டத்துக்குப் போனேன். பனிக்குள் ஒரு பற்றை முழுக்கச் சிவப்பாக நின்றது. இலை இல்லை, பூ இல்லை, தடிதான் சிவப்பு. சாயம் பூசியிருக்கிறார்களோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இல்லை, தோலே அந்த நிறம். முப்பது மாரியிலும் இப்படிப் பற்றைகளைத் தாண்டிக் காரில் எத்தனை தரம் போயிருப்பேன். என் தடியைப் பக்கத்தில் பிடித்தேன். அதில் மொட்டுகள் எதிரெதிராகச் சோடியாக இருந்தன. என்னுடையதில் மாறி மாறி இருந்தன. இது இல்லை.

பிறகு சப்வே பிடித்து ஹை பார்க். அங்கே ஒரு சின்ன மரம் கறுவாப்பட்டை நிறத்தில் தோலைச் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு நின்றது. பின்னால் வெயில் பட்டபோது அந்தச் சுருள்கள் செம்மஞ்சளாக ஒளிவிட்டன. நான் தேடி வந்தது அதை அல்ல என்று தெரிந்தும் கால் மணித்தியாலம் நின்று பார்த்தேன். நாயோடு வந்த ஒரு கிழவரும் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து குணவதியிடம் அந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இதைக் கஜனியிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

பெப்ரவரி பதினேழாம் திகதி, லோரன்சும் லெஸ்லியும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் ரொறன்ரோ பொட்டானிக்கல் கார்டனுக்குப் போனேன். உள்ளே போனதும் ஒரு பற்றை கிளையெல்லாம் முறுகித் திருகி, ஒரு தடிகூட நேராக இல்லாமல் நின்றது. அதன் குணம் எனக்குப் பிடித்திருந்தது. அதைத் தாண்டித் திரும்பிய இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

பனி முழங்காலுக்குக் கிடக்கிறது. அதன் நடுவே ஒரு பற்றை பூத்திருக்கிறது. தேங்காய்த் துருவலை மஞ்சளில் பிரட்டிக் கிளைகளில் ஒட்டிவிட்டது போல, இதழெல்லாம் நார் நாராக இருந்தது. கிட்டப் போனால் மெல்லிய வாசமும் வந்தது. பூக்களுக்கிடையில் போன வருடத்து இலைகள் சருகாகத் தொங்கின, கஜனியின் பற்றையில் தொங்கியது போலவே. என் தடியை ஒரு கிளையோடு சேர்த்துப் பிடித்தேன். அதே வளைந்த காம்பு, அதே மொட்டு. அங்கே விரிந்திருந்தது, என் கையில் இருந்தது மூடியபடி காய்ந்துபோயிருந்தது. நான் அறுத்த நேரம் அந்தப் பற்றை பூக்கத் தயாராக நின்றிருக்கிறது. விட்டிருந்தால் நாளை மறுநாள், பிள்ளையின் நாளில், முதல் தடவையாகப் பூத்து நின்றிருக்கும். கஜனி மொட்டைக் கண்டிருப்பாள். பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அது விளங்கியதும் அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு பெண் பாதையில் வந்தாள், தோட்டத்தில் வேலை செய்கிறவள். கையில் முறித்த தடியோடு ஒருவன் மரத்தடியில் நின்றால் யார்தான் என்ன நினைப்பார்கள்? இங்கே கிளை முறிக்கக் கூடாது என்று மரியாதையாகவே சொன்னாள். இது இந்த மரத்துத் தடி இல்லை என்றேன். அப்படியானால் எங்கே முறித்தது என்று கேட்டாள்.

என்னுடையது தொழிற்சாலை இங்கிலீஷ். மெஷின் பழுது, பெட்டி முடிந்துவிட்டது என்று சொல்ல அது போதும். அந்த இங்கிலீஷில் சொன்னேன். இது என் மகளுடைய மரம். அவளுடைய பிள்ளை செத்துப் பிறந்தது. அந்தப் பிள்ளைக்காக வைத்த மரம். நான் வெட்டி எரித்துவிட்டேன். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம்.

அவள் கையுறையைக் கழற்றித் தடியை வாங்கிப் பார்த்தாள். விச் ஹேசல் என்று பெயர் சொன்னாள். வேரைத் தோண்டினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் தோண்ட வேண்டாம், வைகாசியில் அடியிலிருந்து துளிர்க்கக்கூடும், ஒட்டுக் கட்டிய மரமாக இருந்தால் வேறு வகையாக வரும், எப்படியும் பூக்க மூன்று நான்கு வருடமாகும் என்றாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தடியைத் திருப்பித் தரும்போது, சாதாரணமாக, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அவள் நான் இங்கிலீஷில் பிழையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், இன்னொரு முறை மெதுவாகக் கேட்டாள். தெரியாது என்று மறுபடியும் சொன்னேன்.

காரில் ஏறி வீட்டுக்குப் போகாமல் 401 நெடுஞ்சாலை எடுத்து விட்பிக்குப் போனேன். பிக்கரிங் தாண்டும்வரை மரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அதுவும் ஓடவில்லை. கஜனி வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். மணியை இரண்டு தரம் அடித்த பிறகு கதவைப் பாதி திறந்தாள். உள்ளே வாருங்கோ என்று சொல்லவில்லை. வாசலில் காலில் சப்பாத்தோடு நின்றபடியே, பெயர் விச் ஹேசல் என்பதையும், வேரைத் தோண்ட வேண்டாம் என்பதையும், வைகாசியில் துளிர்க்கும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“எனக்குத் தெரியும் அப்பா,” என்றாள். “அடிக்கட்டைக்கு மேலை சருகு போட்டு மூடி வைச்சிருக்கிறன்.” பிறகு, “பத்தைக்காகத்தான் உங்களோடை கதைக்காமல் இருக்கிறன் எண்டு நினைச்சனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன். “இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சனான்.”

அவள் கதவை மூடவும் இல்லை, முழுதாகத் திறக்கவும் இல்லை. தொழிற்சாலையில் கையை மெஷினுக்குள் கொடுத்தபோதுகூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

“பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனி?”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“ஆரபி.”

“ஆரபி,” என்றேன்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ அப்பா.”

சொன்னேன்.