லுபோஷின் முதுகு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் ஷூ நாடா. அன்று இரட்டை முடிச்சு போட்டிருந்தேன். ஒற்றை முடிச்சாக இருந்திருந்தால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருப்பேன், நாலு பேரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். உட்கார்ந்து கதை எழுதும் தலையெழுத்து வந்திருக்காது.

ஊர் செக் நாட்டின் ப்ர்னோ. பத்தொன்பது வருடமாக இதுதான் என் ஊர். மேட்டுத் தெருவில் இருக்கும் அந்தக் கண்ணாடி வீட்டைப் பார்க்க உலகமே வருகிறது. மாதக்கணக்கில் முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள்தான் போவதில்லை. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிடுவோம். நான்கூட ஒரு ஜனவரியில்தான் முதன்முதலாகப் போனேன்.

2

முதல் தொடக்கம்: "நவீனக் கட்டடக் கலையின் வரலாற்றில் இந்த வீடு ஒரு..."

(தூங்கிவிடுவீர்கள். வேண்டாம்.)

இரண்டாவது: "ஜனவரி மாதத்து மூடுபனிக்குள் ட்ராம் மெல்ல..."

(பொய். அன்று மூடுபனியே இல்லை. அதுதானே விசேஷம்! மூன்று வாரமாக முகத்தைக் காட்டாத சூரியன் அன்று மதியம் வந்து நின்றுவிட்டது.)

மூன்றாவது:

"மேகம் வருதா பாரு, லுபோஷ்."

"வரலை. இதோட அஞ்சு தடவை கேட்டுட்டே."

"அந்தக் கோட்டைப் பக்கம் வெள்ளையா ஏதோ..."

"அது புகை. எவனோ அடுப்பு மூட்டுறான். போய் அணைச்சுட்டு வரட்டுமா?"

இது நிற்கும் என்று தோன்றுகிறது. அந்த வீட்டு வாசலில் எனக்கு முன்னால் நின்ற தம்பதி இவர்கள். ரெனாட்டா ட்ராம் ஓட்டுகிறாள், ஐம்பத்தைந்து வயது. லுபோஷ் அவள் கணவன், குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன், கதவகலத்துக்கு ஆள். இவர்களைப் பற்றி நான் சொல்வதில் முக்கால்வாசி அன்று மாலை பீர் கடையில் ரெனாட்டாவே சொன்னது. கால்வாசி என் கைச்சரக்கு.

3

ஏழு வயதில் ரெனாட்டாவுக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. அந்தக் காலத்தில் இந்த வீடு பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி நிலையமாக இருந்தது. கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில், தேன் நிறக் கல்லால் ஆன ஒரு சுவருக்கு முன்னால், குப்புறப் படுத்துக் காலைத் தூக்கச் சொல்வார்கள். ஒரு குளிர்கால மாலை அவள் அப்படிக் காலைத் தூக்கியபடி தலையையும் தூக்கினாள். சுவர் சிவந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ விளக்கேற்றியதுபோல, கல்லுக்குள்ளிருந்தே சிவப்பு!

வீட்டில் போய்ச் சொன்னாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் மருந்து கொடுத்தாள்.

கல்யாணமான புதிதில் லுபோஷிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடமாக அவர்கள் வீட்டில் அது ஒரு வசனம். சந்தையில் இவ்வளவு பெரிய மீன் பார்த்தேன் என்று அவள் கையை விரித்தால் போதும். "ஓ, சுவர் செவந்துடுச்சா?" என்பான்.

போன வருடம் செய்தித்தாளில் வந்தது: குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் மாலை வெயில் பட்டால் அந்தக் கல் சிவக்கும். அவள் அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். லுபோஷ் நின்று நிதானமாகப் படித்தான்.

"பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான். என் கண்ணால பாத்தா ஒத்துக்கறேன்."

அதனால்தான் பூப்பூக்கும் மே மாதத்தை விட்டுவிட்டு ஜனவரிக்கு இரண்டு சீட்டு எடுத்தாள். அவள் ஏற்கெனவே பார்த்தவள். அவனுக்குக் காட்ட வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் ஆசை, அதைவிடப் பெரிய ஆசையும் இல்லை.

(ஓர் இடைக்குறிப்பு. முதல் வரைவில் லுபோஷைக் கெட்டவனாக்கினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் வரிசையில் நிற்கும்போது அவன் மனைவியின் கையுறைகளை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகு ஒருவனை எப்படிக் கெட்டவனாக்குவது?)

4

வழிகாட்டி பவ்லீனா கதவைத் திறந்தாள். எங்களைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

"யாரும் ஷூவைக் கழட்ட வேணாம். இந்தத் துணி உறையை மேலயே மாட்டிக்கங்க."

இங்கேதான் விபரீதம். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும், "கழட்டாதீங்க, பரவாயில்ல" என்பார்கள். அது மரியாதை. கேட்காமல் கழற்றுவது அதைவிடப் பெரிய மரியாதை. (தமிழனான எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.) ரெனாட்டா முதலில் குனிந்தாள். அவள் குனிந்ததும் வரிசை முழுக்கக் குனிந்தது.

"ஐயோ, நிஜமாவே கழட்ட வேணாங்க!"

"பரவாயில்லம்மா. தரையைப் பாரு, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே."

"நான் உபசாரத்துக்குச் சொல்லலீங்க! அதுதான் விதி! வெறும் சாக்ஸோட படியில வழுக்கும்!"

அதற்குள் பன்னிரண்டு ஜோடி குளிர்கால பூட்ஸும் தரையில் கலந்துவிட்டன. திரும்ப மாட்டுவது என்றால் சும்மாவா? ஒற்றைக்காலில் தத்துகிறார்கள், பக்கத்து ஆளின் தோளைப் பிடிக்கிறார்கள், "இது என்னுது இல்லையே" என்கிறார்கள். வாசலின் பால்நிறக் கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ரெனா, வெயில் போகுது," என்றான் லுபோஷ்.

"நீயும் வா!"

"இந்தச் சனியன் புடிச்ச பூட்ஸ் ஏற மாட்டேங்குது. நீ ஓடு."

"நீ பாக்காம நான் பாத்து என்ன செய்ய? எனக்குத் தெரியாததா?"

"ஓடுன்னா ஓடு! நேரம் தவறுனா ட்ராம் நிக்குமா?"

அவள் ஓடினாள். சாக்ஸோடு, சிறு பிள்ளை மாதிரி, கீழ்க்கூடத்துக்கு இறங்கும் வளைந்த படிக்கட்டில். ஒற்றைக்காலில் நிற்கும் பதினொரு பேரை விட்டுவிட்டுப் பின்னால் போகவும் முடியாமல், பவ்லீனா "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

5

(அலங்காரமே வேண்டாம் என்று கட்டிய வீடு இது. ஒரே ஒரு கல்லை நிறுத்திவிட்டு, மீதியை வெயிலிடம் விட்டுவிட்டார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். அடைப்புக்குறி இல்லாமல் எனக்கு மூச்சு வருவதில்லை.)

பூட்ஸை அரைகுறையாக மாட்டிய லுபோஷ், அவள் விட்டுப்போன பூட்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினான். இரட்டை முடிச்சை அவிழ்க்காமலே உருவியிருந்த ஷூவை ஒருவழியாகத் திரும்ப மாட்டி நானும் பின்னால் இறங்கினேன். படி வளைந்து, கூடம் கண்ணில் படும் இடம். அங்கே லுபோஷ் நின்றுவிட்டான். நான் போய் அவன்மேல் முட்டினேன்.

நான் பார்த்தது அவன் முதுகு. நீலநிறக் குளிர்ச்சட்டை, வலது தோளில் கொஞ்சம் பிரிந்த தையல். எட்டிப் பார்க்க இடமில்லை. நாலு வினாடி இருக்கும். ஐந்தாகவும் இருக்கலாம்.

"லுபோஷ்!" கீழே ரெனாட்டாவின் குரல்.

அவன் நகர்ந்தான். நான் இறங்கியபோது சூரியன் கோட்டைக் குன்றுக்குப் பின்னால் போயிருந்தது. சுவர் தேன் நிறத்தில் அழகாக, சாதாரணமாக நின்றது. ரெனாட்டா இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா? சொல்லு, பாத்தியா?"

லுபோஷ் பூட்ஸைக் கீழே வைத்தான்.

"செவந்துடுச்சு," என்றான். "சுவர் செவந்துடுச்சு, ரெனா."

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அதைச் சிரிக்காமல் சொன்னான். அவள் அழுதுவிட்டாள்.

6

முடிவு (அ): அவன் பார்த்தான். அதனால்தான் படியில் நின்றுவிட்டான்.

முடிவு (ஆ): வெயில் அதற்கு முன்பே போய்விட்டது. அவன் பார்த்தது சுவரை அல்ல, கன்னத்தில் கைவைத்து நின்ற அவளை. சிவந்தது என்று சொன்னது அவளுக்காக.

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். பீர் கடையில் ரெனாட்டா தன் மேல்கோட்டை மாட்டப் போன சமயம் பார்த்து அவனிடமே கேட்டேன்.

"நிஜமாவே பாத்தீங்களா?"

"எனக்குப் பின்னாடி நின்ன ஆளு நீங்கதானே?"

"ஆமா. உங்க முதுகைத்தான் பாத்தேன்."

"அப்ப முதுகைப் பத்தி எழுதுங்க," என்று கோப்பையை எடுத்துக்கொண்டான்.

எழுதிவிட்டேன். இதற்கு மேல் அவனைத் தாண்டி முன்னால் போக எனக்கு வழியில்லை. நீங்கள் வாருங்கள். ஷூவைக் கழற்றுவதா மாட்டுவதா என்றெல்லாம் யோசிக்காதீர்கள், நேரமில்லை. படி வளையும் இடத்தில் அவன் நிற்கிறான், கையில் அவளுடைய பூட்ஸ். கீழே அவள் இன்னும் கூப்பிடவில்லை. ஒரு படி கீழே இறங்கித் திரும்பி, அவன் முகத்தைப் பாருங்கள். அதில் சிவப்பு விழுந்திருக்கிறதா?