பண்டமாரான் ரோவர்ஸின் முதல் கிண்ணம்

பண்டமாரான் ரோவர்ஸ் மூன்று முறை கிண்ண இறுதியாட்டத்துக்குப் போய், மூன்று முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பிய குழு. அதனால் மற்றக் குழுக்களின் ரசிகர்கள் அதற்கு ‘நோம்போர் துவா’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நம்பர். கிள்ளான் பாசாரில் மீன் வாங்கப் போனாலும், கடையில் தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும், ரோவர்ஸ் சட்டை போட்டவனைக் கண்டால் யாராவது இரண்டு விரலைத் தூக்கிக் காட்டாமல் விடமாட்டார்கள்.

அப்படிப்பட்ட குழுவுக்குச் சந்திரகலா பயிற்றுனரானதை யாரும் திட்டமிடவில்லை. லீக்கில் தோல்வி மேல் தோல்வியாக வந்தபோது, ஸ்பெயினிலிருந்து வந்திருந்த பயிற்றுனர் பாதியிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார். சந்திரகலா அப்போது குழுவின் இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தூலில் பிறந்தவள். நாட்டின் பெண்கள் அணியில் நடுத்திடலில் ஆடிப் பெயர் எடுத்தவள். முழங்கால் போன பிறகு பயிற்றுனர் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறியவள். குழுவின் தலைவர் திருச்செல்வம் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர்; அவர்தான் போன் போட்டார்.

“ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்குங்க, கலா. வெளிநாட்டு ஆளு ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.”

“பாத்துக்கிறேன், பாஸ். ஆனா அந்த ரெண்டு வாரமும் யாரு ஆடணும், யாரு ஒக்காரணும்னு நான்தான் சொல்வேன்.”

திருச்செல்வம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி லா” என்றார்.

அவள் முதலில் உட்கார வைத்தது சிவேந்திரனை. ரோவர்ஸின் செல்லப்பிள்ளை அவன். பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணன் டாக்டர், அக்கா வழக்கறிஞர், இவன் மட்டும் பந்தே கதி என்று கிள்ளானுக்கு வந்தவன். இடது காலால் அவன் தூக்கி அடிக்கும் பந்து, திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய், சொன்ன இடத்தில் இறங்கும். ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இடப்பக்கத் தற்காப்பில் நின்ற அவனை எதிரணியின் இளம் கால்கள் தாண்டிக்கொண்டு ஓடின.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே சொன்னாள்: “வேகம் போச்சு, சிவா. எல்லாரும் ஒன் பக்கமா வந்துதான் கோல் போடுறாங்க.”

“இந்த டீமுக்காக ரெண்டு தடவை கால ஒடைச்சிக்கிட்டவன் நான், கோச்.”

“தெரியும். அதனாலதான் பின்னால பேசாம நேரா சொல்றேன்.”

அவன் எழுந்து போனான். ஆனால் அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ரசிகர் மன்றத் தலைவி உஷாராணிக்கு மைக் தேவையே இல்லை. அப்படி ஒரு தொண்டை. “சிவாவ எறக்கு! இல்லாட்டி நீ எறங்கு!” என்று அவர் தொடங்க, பார்வையாளர் மேடை முழுக்க அதையே கத்தியது. முகநூலில் எழுதியவர்களோ இன்னும் மோசம். சந்திரகலாவை அடுப்படிக்கே அனுப்பி வைத்தார்கள்.

அன்று ரோவர்ஸ் ஜெயித்தது. அடுத்த வாரமும் ஜெயித்தது. இரண்டு வாரம் என்றது இரண்டு மாதமானது. வெளிநாட்டு ஆளைப் பற்றித் திருச்செல்வம் பேச்சே எடுக்கவில்லை. கிண்ணப் போட்டியில் காலிறுதியைத் தாண்டி, அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தி, ரோவர்ஸ் நான்காவது முறையாக இறுதியாட்டத்துக்குள் நுழைந்தது. அத்தனை ஆட்டத்திலும் சிவேந்திரன் பெஞ்சில்தான். கேட்டால் பதில் சொல்வான். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் பயிற்சிக்கு முதலில் வருகிறவனும் அவன்தான், கடைசியில் போகிறவனும் அவன்தான். சந்திரகலா அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

அந்தப் பயிற்சித் திடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கிரேன் ஓட்டியவர்களும் சேர்ந்து ஆரம்பித்த குழு ரோவர்ஸ். சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் லோரி லோரியாக மண் கொட்டி, அவர்களே மிதித்துச் சமப்படுத்திய திடல் அது. எவ்வளவு கொட்டினாலும் கடல் பக்கத்தில்தானே. நீர் ஏறும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால், பின்னால் இருக்கும் கால்வாய் திடலுக்குள் வந்துவிடும். புதிதாக வரும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், இது காற்பந்துத் திடலா, நெல் வயலா என்று கேட்பார்கள். ரோவர்ஸ்காரர்களுக்குக் கணுக்கால் தண்ணீரில் ஆடிப் பழக்கம்.

இறுதியாட்டம் தலைநகரில், சனிக்கிழமை மாலை. கிள்ளானிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கியது. உறுமி மேளம் ஒரு பக்கம், மலாய்க்காரர்களின் கொம்பாங் பறை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் முழங்கின. எதிரே அம்பாங் சிட்டி. பணக்காரக் குழு. பந்து அவர்கள் காலில் பட்டுநூல் ஓடுவதுபோல் ஓடும். குட்டிக்குட்டிப் பாஸாகக் கொடுத்தே எதிரணியைக் கிறங்கடித்துவிடுவார்கள். முதல் பாதி முழுக்க ரோவர்ஸ் பந்தைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்னால் அம்பாங்கின் வலப்பக்க இளைஞன் சிட்டாய்ப் பறந்து உள்ளே புகுந்து கோல் போட்டான். அம்பாங் மேடையில் ஆயிரக்கணக்கான கைகள் இரண்டு விரலைக் காட்டின.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் வானம் கறுத்தது. அரங்கத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டியது. நடுவர் விசில் ஊதி எல்லோரையும் உள்ளே அனுப்பினார். அடுத்த நொடி மழை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எதிர் மேடை கண்ணுக்கே தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோல்கீப்பர் பயிற்றுனர் கன்னையா சந்திரகலாவின் காதருகே வந்து, “தங்கச்சி, ஆட்டத்த நாளைக்குத் தள்ளிட்டா தேவலாம். பசங்க துவண்டுட்டானுங்க” என்றார்.

“வேணாம்ணே. இன்னைக்கே ஆடணும்.”

“ஏன்?”

“மழையப் பாருங்கண்ணே.”

மின்னல் நின்று, மழை தூறலாக இளைத்ததும், ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள். பணியாளர்கள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் திடலின் ஓரமாகவே நடந்து, அங்கங்கே பந்தைப் போட்டுப் பார்த்தாள். கேமராக்கள் இருந்த பக்கத்தில் பந்து தொப்பென்று விழுந்து அப்படியே உட்கார்ந்தது. உருட்டினால் நாலடி போய் நின்றது. எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் வடிந்து, புல் ஓரளவு நன்றாகவே இருந்தது. நடுவரும் வந்து உருட்டிப் பார்த்தார். மக்ரிப் தொழுகை முடிந்ததும் ஆடலாம் என்றார்.

அவள் அறைக்குத் திரும்பியபோது மூலையில் துண்டு விரித்து நால்வர் தொழுதுகொண்டிருந்தார்கள். முடியும்வரை காத்திருந்தாள். அந்த நேரத்தில் சிவேந்திரனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கேமராப் பக்கம் தண்ணி நிக்குது, சிவா. அங்க யாராலயும் ஓட முடியாது.”

அவன் பூட்ஸைப் பார்த்தபடியே சொன்னான்: “அப்ப ஓட முடியாதவன் ஒருத்தன் வேணுங்கிறீங்க.”

“தூக்கி அடிக்கத் தெரிஞ்சவன் வேணும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. “அந்தப் பக்கம் எப்படி இருக்கு?”

“காஞ்ச மாதிரிதான்.”

“அப்ப கோஃபிய அந்தப் பக்கத்துப் போஸ்ட்கிட்ட நிக்கச் சொல்லுங்க. நான் இங்கேருந்து அவன் தலையில எறக்குறேன்.” கோஃபி, கானாவிலிருந்து வந்த தற்காப்பு ஆட்டக்காரன், ஆள் பனைமர உயரம்.

“அதத்தான் நானும் நெனச்சேன்.”

சிவேந்திரன் பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிந்தான். பிறகு, “போன ஃபைனல் தோத்தப்ப திடல்லயே ஒக்காந்து அழுதேன், கோச். பெஞ்சுல ஒக்காந்தும் அழுறதுக்கு என்னால ஆகாது” என்றான்.

“அப்ப எந்திரி.”

தொழுகை முடிந்து எல்லோரும் கூடியதும் அவள் மலாயில் சொன்னாள், சுருக்கமாக. வெளியே இருப்பது அம்பாங்கின் திடல் இல்லை, நம் பண்டமாரான் திடல். பந்தைத் தரையில் விடாதீர்கள். அவர்கள் தரையில் விடுவார்கள், அதற்குக் காத்திருங்கள். “அங்காட்!” என்றாள். தூக்கு! கேப்டன் ஹாஃபிஸ் அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு அறையே சொன்னது: “அங்காட்! அங்காட்!”

ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அம்பாங் பழக்கதோஷத்தில் பழையபடி குட்டிப் பாஸ் கொடுத்தது. பந்து பாதி வழியில் நின்றது. இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் நின்றது. அவர்களுடைய தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தை அலட்சியமாகத் தம் கோல்கீப்பர் பக்கம் பின்னால் தட்டிவிட்டார். அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், குட்டை ஒன்றின் நடுவே நின்றது. அவர் கோல்கீப்பரைப் பார்த்தார், கோல்கீப்பர் அவரைப் பார்த்தார். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் ஹாஃபிஸ் சறுக்கிக்கொண்டே வந்து பந்தை வலைக்குள் தள்ளிவிட்டான். ஆளும் பந்தும் தண்ணீரும் ஒன்றாக உள்ளே போயின.

கிள்ளான் மேடை எழுந்து நின்றது. அதற்குப் பிறகு அது உட்காரவே இல்லை.

அம்பாங் விட்டுவிடவில்லை. முதல் கோல் போட்ட இளைஞன் பந்தை வாங்கிக்கொண்டு, கேமராப் பக்கத்தில் நின்ற சிவேந்திரனை நோக்கி நேராக வந்தான். சந்திரகலா கோட்டோரம்வரை வந்துவிட்டாள். சிவேந்திரன் அசையாமல் நின்றான். இளைஞன் பந்தைத் தட்டிவிட்டு அவனைத் தாண்டிப் பறந்தான், நன்றாகத்தான் பறந்தான். பந்து மட்டும் பின்னாலேயே, சிவேந்திரனின் காலடியில், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. உஷாராணியின் சிரிப்பு அரங்கத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கேமராப் பக்கத்தில் ஹாஃபிஸைத் தள்ளிவிட்டார்கள், ஃப்ரீ கிக். சிவேந்திரன் பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தான். தண்ணீர் குறைந்த ஒரு புல்முடிச்சைக் கண்டுபிடித்து அதன்மேல் வைத்தான். சந்திரகலா எதுவும் கத்தவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அடித்தான். பந்து விளக்குகளின் உயரத்துக்குப் போனதுபோல் இருந்தது. எல்லோருடைய தலைக்கும் மேலாகத் திடலைக் கடந்து, தூரத்துப் போஸ்டின் பக்கம் இறங்கியது. அங்கே கோஃபி எழும்பினான். அவன் நெற்றியில் பட்ட சத்தம்கூடத் தன் காதில் கேட்டதாகப் பின்னாளில் கன்னையா சத்தியம் செய்வார். வலை உப்பியது.

மிச்ச நிமிடங்களை எப்படிக் கடந்தார்கள் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வந்த பந்தையெல்லாம் மேடைக்கு அடித்தார்கள். கோல்கீப்பர் ஒன்றை விரல்நுனியால் தட்டி வெளியே தள்ளினான். விசில் ஊதியபோது சந்திரகலா கோட்டோரத்தில், சொட்டச் சொட்ட நனைந்த புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செந்தூல் பெண், அடுப்படிக்கு அனுப்பப்பட்டவள், இப்போது வாய்விட்டு அழுதாள். வெட்கமாக இல்லை. நன்றாக இருந்தது. திருச்செல்வம் விலை உயர்ந்த சப்பாத்துக் காலோடு தண்ணீரில் ஓடிவந்து வழுக்கி விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே கைதட்டினார். கிள்ளான் மேடை ஒற்றை விரலை உயர்த்தி ‘நோம்போர் சத்து’ என்று முழங்கியது.

ஹாஃபிஸ் கிண்ணத்தை வாங்கியதும் சிவேந்திரனிடம் கொடுத்தான். சிவேந்திரன் அதைத் தூக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்து, சந்திரகலாவின் கையில் வைத்தான். “தூக்குங்க, கோச்” என்றான். தூக்கினாள்.

மறுநாள் காலை, திருச்செல்வத்தின் திறந்த லோரியில் பண்டமாரானிலிருந்து கிள்ளான் லிட்டில் இந்தியாவரை ஊர்வலம். கடை மாடிகளிலிருந்து பூ கொட்டினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் அண்டா நிறைய நாசி பிரியாணியை லோரிக்குள்ளேயே ஏற்றிவிட்டார். உஷாராணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, சக்கரத்தில் காலை வைத்து ஏறி, சந்திரகலாவின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டார்.

“மன்னிப்புலாம் கேக்க மாட்டேன், கோச். அடுத்த சீசன் தோத்தா மறுபடியும் கத்துவேன்.”

“கத்துங்க, அக்கா. நீங்க கத்தாட்டி மேட்ச் மாதிரியே இருக்காது.”

கூட்டம் நெருக்கியது, லோரி நகர முடியாமல் நின்றுவிட்டது. எல்லாப் பக்கமிருந்தும் கைகள் நீண்டு கிண்ணத்தைத் தொடப் பார்த்தன. சந்திரகலா குனிந்து, கிண்ணத்தை முன்வரிசையில் இருந்த ஒரு மீன்கடைக்காரரின் கையில் கொடுத்தாள். அவர் முத்தமிட்டுவிட்டுப் பின்னால் கொடுத்தார். அது தலைகளுக்கு மேல், கைமாறிக் கைமாறிப் போக ஆரம்பித்தது.

“ஐயோ கலா, திரும்பி வருமா?” என்று திருச்செல்வம் பதறினார்.

“வரும், பாஸ். இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தவங்க. கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும்.”

நகைக்கடை வாசலைத் தாண்டி, துணிக்கடையைத் தாண்டி, வெயிலில் மின்னிக்கொண்டே கிண்ணம் தெருவின் கோடிக்குப் போனது. உறுமிக்காரர்கள் அதன் பின்னாலேயே போனார்கள். சந்திரகலா லோரியின் விளிம்பில் கையை ஊன்றி, கால்விரலில் எக்கி, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.