கைராசிக்காரர் வெர்னான்

வியட்நாமின் தா நாங் நகரில் ஒரு மனிதன் எவ்வளவு சல்லிசாக வாழலாம் என்பதை வெர்னான் மாமாவைப்போல் ஆராய்ந்தவர் யாருமில்லை. இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறார். அவருடைய மகள் அங்கிருந்து நிபந்தனை போட்டிருந்தாள். பென்ஷனுக்குள் வாழ்ந்துகாட்டினால் இருக்கலாம், இல்லையென்றால் ஊர் திரும்பி அவள் வீட்டுப் பின்னறையில் குளிரில் கிடக்க வேண்டும். மாமாவுக்குக் குளிர் ஆகாது. மகள்மேல் உயிர், கோடைகாலத்தில்.

சிக்கனத்தில் இறங்கியவர் விடியலிலேயே சந்தைக்குப் போய்விடுவார். நூடுல்ஸ் கடை ஹுவே அத்தை அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போதே எதிரில் நிற்பார். முதல் நாள் அவள் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். பெருந்தன்மை ஒன்றுமில்லை, பேரம் பேசுமளவுக்கு எங்கள் மொழி அப்போது வரவில்லை. அன்றைக்கு அத்தையின் நூடுல்ஸ் பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுநாளும் அப்படியே.

வெள்ளைக்காரருக்குக் கைராசி என்று சந்தை முழுக்கப் பேச்சு.

"அண்ணே, இன்னிக்கு எங்கிட்ட போணி பண்ணுங்க!" என்று காபிக்கடை லியூ அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"விடுடி, அவரு எங்க ஆளு. உன் காபியக் குடிச்சா ராசியே கருகிடும்," என்பாள் அத்தை.

"உன் சூப்பைக் குடிச்சும் உசுரோட இருக்காரே, அதுதாண்டி ராசி!"

போட்டியில் விலை சரிந்தது. நாற்பதாயிரம் தோங் நூடுல்ஸ் இருபதாயிரம் ஆனது. லியூ காபியோடு அவித்த முட்டையைச் சும்மா வைத்தாள். இதுதான் நாட்டு விலை என்று நம்பி மாமா மகளுக்கு எழுதினார். மகள் மலைத்துப்போனாள்.

ஒரு நாள் காய்ச்சலில் தூங்கிவிட்டு மதியம் போனார். அத்தை நாற்பது கேட்டாள். மாமா வெளிறிப்போனார். ஏற்கெனவே வெளிறியவர் என்பதால் அத்தைக்கு அது தெரியவில்லை.

காலேஜில் ஆங்கிலம் படிக்கிற பாவத்துக்கு நான்தான் அவருக்கு விசாரணை அலுவலகம்.

"காலைல இருபது, மத்தியானம் நாப்பது. நடுவுல போர் கீர் வந்துடுச்சாப்பா?"

"நீங்க முதல் போணி, மாமா. அது உங்க ராசிக்காகக் குறைச்ச விலை."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப மகளுக்கு எழுதினதெல்லாம் பொய்யா?"

அன்று மாலை எல்லாவற்றையும் மதிய விலையில் மறுபடி கூட்டினார். வெளிநாட்டுப் பாலாடைக்கட்டியை விட்டுவிட்டால் பென்ஷன் போதும். பாலாடைக்கட்டிக்குச் சிறிது நேரம் மௌன அஞ்சலி செலுத்திவிட்டுப் படுத்தார். விடிந்ததும் அத்தை எதிரில் போய் நின்றார்.

"நாப்பது."

"இருபதுண்ணே."

"நாப்பது! நான் ஏமாத்துக்காரன் இல்ல."

"ஐயோ, வாய மூடிட்டு இருபதைக் குடுங்களேன்!"

சந்தையே மூச்சை அடக்கியது. போணியில் பேரம் பேசினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். பேரம் மேல்நோக்கிப் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை திருஷ்டி கழிய ஒரு தாளைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டினாள். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மதியம் பானையில் பாதி அப்படியே இருந்தது.

மாமா குடையோடு போய்த் தலைகுனிந்து நின்றார். "தள்ளுபடி வேணாம்னுதான்..."

"தள்ளுபடியா? யாரு குடுத்தா? விடியுமுன்ன எழுந்து வந்து கடைக்கு ராசி பண்றீங்க. அது கூலிண்ணே. கூலியத் திருப்பிக் குடுக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். உக்காருங்க. இந்தப் பானைய யாரு காலி பண்றது?"

முழு விலை கொடுத்து இரண்டு கிண்ணம் காலி செய்தார்.

இப்போதெல்லாம் காலையில் வாய் திறக்காமல் இருபது, மதியம் முணுமுணுக்காமல் நாற்பது. கணக்கைத் திருத்தி மகளுக்கு எழுதினார். சரி, இருங்கள் என்று பதில் வந்தது. தனக்கு ஒரு வேலை கிடைத்திருப்பதாகவும் தன் கடிதத்தில் எழுதியிருந்தாராம்.

"என்ன வேலை மாமா?"

"காலைல எழுந்திருக்கறது."

அதற்கு அரசு அனுமதி வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வேலையை அவரளவு சுத்தமாகச் செய்ய எங்கள் தெருவில் ஆளில்லை. என்னைத் தினமும் பத்து மணிக்கு அவர்தான் எழுப்புகிறார்.